குனியாமல் அழத் தெரிந்த நடிகை

1950-ல் வெளிவந்த ஒரு தெலுங்குப் படத்தில் கதாநாயகி. 2023-ல் வெளிவந்த ஒரு தெலுங்குப் படத்தில் வீட்டின் மூத்த பெண்மணி. நடுவில் எழுபத்து மூன்று வருடங்கள், நானூறு படங்கள். சௌகார் ஜானகியைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் இந்தக் கணக்குத்தான் என்னை மலைக்க வைத்தது. இத்தனை வருடம் உயிரோடும் ஆரோக்கியத்தோடும் இருப்பதே வரம். அத்தனை வருடமும் கேமரா முன்னால் நிற்கத் தகுதியோடு இருப்பது வேறு சங்கதி. அது வரத்தால் மட்டும் வருவதில்லை.

பழைய நடிகைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் சாவித்திரி வருவார், பத்மினி வருவார், சரோஜாதேவி வருவார். சௌகார் ஜானகியின் பெயர் கொஞ்சம் தாமதமாக, "ஆமாம், அவங்களும் நல்லா நடிப்பாங்க" என்ற மாதிரி வந்து சேரும். எனக்கு அந்த "அவங்களும்" என்ற வார்த்தையில் நெடுநாளாகவே சம்மதமில்லை. மற்றவர்கள் எட்டாத ஓரிடத்தை அவர் பிடித்தார் என்றே நினைக்கிறேன். கண்ணீர் விடும்போதும் மரியாதை குறையாமல் நிற்கும் பெண்களை அவர் தமிழ்த் திரைக்குக் கொடுத்தார். அவருடைய பாத்திரங்கள் அழும், குனியாது.

அவர் சினிமாவுக்கு வந்த விதத்திலேயே இதற்கான வித்து இருக்கிறது. பிறந்தது ராஜமுந்திரியில், 1931 டிசம்பர் 12. சிறுமியாக இருந்தபோதே சென்னை வானொலி நிலையத்தில் நாடகங்களில் குரல் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வாஹினி பட நிறுவனத்தின் பி.என்.ரெட்டி நடிக்க வருகிறாயா என்று கேட்டார். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு சினிமாவா என்று வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. சீக்கிரமே கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். இவர் கதை இங்கேதான் ஆரம்பம். கல்யாணமாகி, கையில் குழந்தையும் வந்து, வருமானம் போதாத நிலையில், ஒருமுறை வீடு மறுத்த வாய்ப்பை அவரே தேடிப் போனார். நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய விஜயா நிறுவனத்தின் முதல் படம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. எல்.வி.பிரசாத் இயக்கம், என்.டி.ராமராவ் நாயகன். படத்தின் பெயர் 'ஷாவுகாரு'. அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. தமிழ் வாயில் 'சௌகார்' ஆனது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. திரைக்கு வரும்போதே அவர் ஒரு தாய். நாயகி என்றால் கன்னிப்பெண்ணாக இருக்க வேண்டும், கல்யாணம் ஆனால் சந்தை போய்விடும் என்று பல தலைமுறை நடிகைகளை மிரட்டிய சட்டம் ஒன்று இருந்ததே, இவர் அதை உடைக்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தபடியே உள்ளே நுழைந்தார். கனவுக்கன்னி என்று யாரும் அவரை அழைக்கவில்லை. அதனால் கனவு கலைகிற நாளும் அவருக்கு வரவில்லை.

தமிழில் முதல் படம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வளையாபதி', 1952-ல். 1955-ல் கன்னடத்தில் 'மகாகவி காளிதாசா', தெலுங்கில் நாகேஸ்வர ராவோடு 'ரோஜுலு மாராயி'. ஐம்பதுகளில் இப்படி மூன்று மொழிகளுக்கும் மாறி மாறி ஓடியிருக்கிறார். அந்தக் காலப் படங்களில் சிலவற்றை நான் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் நேராக அறுபதுகளுக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்த சௌகார் ஜானகி அங்கேதான் ஆரம்பிக்கிறார்.

பீம்சிங் இயக்கிய 'படிக்காத மேதை' 1960-ல் வந்தது. கள்ளங்கபடம் அறியாத ரங்கனாக சிவாஜி. அவன் மனைவி லட்சுமியாக இவர். வெகுளியான கணவனுக்கு உலகத்தை எடுத்துச் சொல்லவும் வேண்டும், அவன் வெகுளித்தனத்துக்குக் காயம் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவாஜி கையையும் உடம்பையும் விரித்து நடிக்கிற படம் அது. பக்கத்தில் நிற்பவர் போட்டிக்குக் குரலை உயர்த்தியிருந்தால் காட்சி சந்தைக்கடை ஆகியிருக்கும். இவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் பேசி முடித்தபின் இவர் சொல்லும் ஒரு வாக்கியத்தில் காட்சி தரையில் கால் ஊன்றும். வானொலியில் பழகியவர் அல்லவா, மூச்சை எங்கே விடுவது, எந்தச் சொல்லில் அழுத்துவது என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்த வசனங்கள் நிற்கும். பழைய படங்களைச் சமையல்கட்டிலிருந்து காதால் மட்டுமே "பார்த்த" பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அடுத்த வருடம் 'பாலும் பழமும்'. சரோஜாதேவியின் படம் என்றே எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், நியாயம்தான். கணவனின் ஆராய்ச்சி கெடக்கூடாதென்று நோயோடு வீட்டை விட்டுப் போகிற மனைவி அவர். செத்துவிட்டாள் என்று நம்பி, டாக்டரான அந்தக் கணவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார். அந்த இரண்டாம் மனைவி நளினிதான் சௌகார் ஜானகி. பிறகு டாக்டருக்குக் கண் பார்வை போய், முதல் மனைவியே நர்சாக அதே வீட்டுக்கு வந்து சேர்கிறாள். நளினிக்குச் சந்தேகம் வருகிறது, கடுகடுப்பு வருகிறது. கொட்டகையில் எல்லோர் கண்ணீரும் சரோஜாதேவிக்குத்தான். இவருக்குக் கிடைப்பது வசவு.

ஆனால் நளினியின் பக்கம் நின்று ஒருமுறை அந்தப் படத்தைப் பாருங்கள். ஊரறியத் தாலி கட்டி வந்தவள். கணவன் வாயில் இன்னொருத்தி பெயர். வீடு முழுக்க இன்னொருத்தி நினைவு. வீட்டில் இடமுண்டு, அவன் மனசில் இடமில்லை. இந்தப் பெண் எரிந்து விழாமல் வேறென்ன செய்வாள்? சௌகார் ஜானகி நளினியை நல்லவளாக்க முயலவே இல்லை. பார்க்கிறவர்களின் அனுதாபத்தைக் கெஞ்சி வாங்கவும் இல்லை. அவள் கோபத்தை அப்படியே வைத்தார், அதற்கான காரணம் மட்டும் கண்ணில் தெரியும்படி செய்தார். என் பெரியம்மா இந்தப் படம் தொலைக்காட்சியில் போகும்போதெல்லாம் ஒன்று சொல்வார்: "மத்தவ அழுதா பாவமா இருக்கும். இவ அழுதா, யாருடா இவள அழவிட்டதுன்னு கோபம் வரும்." இதைவிடச் சரியாக அவர் நடிப்பைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருடமே 'பாக்கியலட்சுமி'யில் இளம் விதவை. 'மாலைப் பொழுதின் மயக்கத்திலே' என்று சுசீலா பாட, திரையில் இவர். இழந்தது என்னவென்று முழுதாகத் தெரியாமலே இழந்துவிட்ட ஒரு பெண்ணின் கனவு அந்தப் பாட்டு. 'குமுதம்' படத்தில் வக்கீல். 1963-ல் 'பார் மகளே பார்' படத்தில் அந்தஸ்தே உயிர் என்று இருக்கிற ஜமீன்தாரின் மனைவி; 'நீரோடும் வைகையிலே' அந்தப் படம்தான். இப்படி அம்மா, மனைவி, விதவை என்று வரிசையாக வந்துகொண்டிருந்த சமயத்தில், 1964-ல் ஒரு மாற்றம் நடந்தது.

'புதிய பறவை'. சிவாஜியின் சொந்தத் தயாரிப்பு, வண்ணப்படம், தாதா மிராசி இயக்கம். 'பார்த்த ஞாபகம் இல்லையோ' என்று சிங்கப்பூர் விடுதி மேடையில் ஒரு பெண் பாடுகிறாள். அதுவரை நார்ப்புடவையும் கலங்கிய கண்ணுமாகப் பார்த்துப் பழகிய அதே சௌகார் ஜானகி. இந்தப் பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. அவர் ஆடுவதில்லை. பெரிதாக நகர்வதுகூட இல்லை. கழுத்தைச் சற்றே சாய்க்கிறார், உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து நிற்கிறது, பார்வை மட்டும் மெல்லத் திரும்பி எதிரே உட்கார்ந்திருப்பவனைத் தேடிப் பிடிக்கிறது. விடுதிப் பாட்டு என்றால் இடுப்பை வளைக்க வேண்டும், உடையைக் குறைக்க வேண்டும் என்பதே தமிழ்ப் படங்களின் வழக்கம். இங்கே மயக்கம் முழுவதும் முகத்திலும் நிதானத்திலும் இருக்கிறது. தான் பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்த பெண்ணின் நிதானம். விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் இசையும் சுசீலாவின் குரலும் அவருக்குப் பின்னால் நிற்கின்றன. ஆனால் அந்தச் சிரிப்பு அவர் சொந்தம்.

மேடையில் பாடிய அந்தச் சித்ரா, சிவாஜி நடித்த கோபாலின் மனைவியாகி, பிறகு குடியும் கேளிக்கையுமாக அவனை நோகடிக்கிறாள். செத்துப்போனவள் என்று அவன் சொன்ன மனைவி, அவனுடைய புது வாழ்க்கை தொடங்கும் நேரத்தில் வாசலில் வந்து நிற்கிறாள். இவள் யார் என்பதுதான் மீதிப் படம். இன்னும் பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன். ஒன்று மட்டும். படத்தின் முடிச்சு அவிழ்ந்தபின் மறுபடி முதலிலிருந்து பாருங்கள். வாசலில் வந்து நிற்பவளின் நடையிலும் பேச்சிலும் ஒரு துளி அளவு கூடுதல் கவனம் இருக்கும். முதல்முறை அதை நாம் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டோம். இரண்டாம் முறைதான் அது என்னவென்று புரியும். சிவாஜியோடு நேருக்கு நேர் நின்று, அவருடைய பயத்தைத் தன் அமைதியாலேயே இழுத்து இழுத்து நீட்டிய நடிகைகள் குறைவு.

அப்புறம் கே.பாலசந்தர். அவர் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி' 1965-ல். அதிலேயே இவர் டாக்டர். மேடையிலிருந்து வந்த இயக்குநர், வானொலியிலிருந்து வந்த நடிகை. இருவருக்கும் வசனம்தான் ஆயுதம். 'பாமா விஜயம்' படத்தில் பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவருகிறாள் என்றதும் வரவுக்கு மீறிச் செலவழிக்கத் தொடங்கும் மருமகள்களில் மூத்தவர். 'வரவு எட்டணா செலவு பத்தணா' என்று பாலையா பாடுவதற்குக் காரணமான கூட்டத்தில் இவரும் உண்டு. சோக நாயகி என்று முத்திரை குத்தியவர்கள் இந்தப் படத்தில் அவர் பந்தா காட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும்.

1968-ல் 'எதிர்நீச்சல்'. நாகேஷ் மாதுவாக அந்த ஒண்டுக்குடித்தன வீட்டையே தூக்கிச் சுமக்கிற படம். அங்கே குடியிருக்கிற ஜோடி கிட்டு மாமா, பட்டு மாமி. மாமா ஸ்ரீகாந்த், மாமி இவர். ஸ்ரீகாந்த் அவரைவிட வயதில் இளையவர். படம் பார்க்கும்போது ஒருவருக்கும் அது தோன்றாது. 'அடுத்தாத்து அம்புஜத்தப் பார்த்தேளா' பாட்டில் வாலி எழுதிய வரிகளில் பெரும்பகுதி ஒரு மனைவியின் புகார்ப் பட்டியல். பக்கத்து வீட்டுக்காரி புருஷன் அப்படிக் கொஞ்சுகிறான், இப்படி வாங்கித் தருகிறான் என்று. இதைச் சிடுசிடுப்பாகச் செய்திருக்கலாம். அவர் அதில் ஒரு குழந்தைத்தனத்தைக் கலந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதே கணவன் சமாதானத்துக்கு வருகிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் பேசிய அந்த மாமித் தமிழ் இன்றைக்கும் கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் கைதட்டல் வாங்கிக் கொடுக்கிறது.

இதற்கு ஒரே வருடம் கழித்து 'இரு கோடுகள்'. என்னைக் கேட்டால் அவருடைய சிகரம் இதுதான். மாமியாரின் எதிர்ப்பால் பிரிக்கப்பட்ட முதல் மனைவி படித்து, முன்னேறி, கலெக்டராக ஓர் ஊருக்கு வருகிறாள். அங்கே குமாஸ்தாவாக இருப்பவன் அவள் கணவன். அவனுக்கு இப்போது வேறு மனைவி, குழந்தைகள், குடும்பம். கணவன் ஜெமினி கணேசன், இரண்டாம் மனைவி ஜெயந்தி. ஒரு கோட்டைத் தொடாமலே சின்னதாக்க வேண்டும் என்றால் பக்கத்தில் இன்னும் பெரிய கோடு ஒன்றைப் போடு என்ற பழைய புதிர்தான் தலைப்பு.

இந்தக் கதையில் கண்ணீருக்கு எத்தனை வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். அவர் மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். கணவன் எதிரே கோப்போடு நிற்கிறான். அறையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். அதிகாரியின் குரலில்தான் பேச முடியும்; அந்தக் குரலுக்கு அடியில் மனைவியின் குரல் ஓடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் இமை ஒரு கணம் தாமதிக்கிறது, அடுத்த கணம் அரசாங்கக் காரியம் தொடர்கிறது. பாலசந்தர் படங்களில் பாத்திரங்கள் உணர்ச்சியை உரக்கச் சொல்லிவிடுகிற குறை உண்டு. இந்தப் படத்திலும் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. ஆனால் சௌகார் ஜானகி திரையில் இருக்கும்போது படம் தானாகவே தணிந்து பேசுகிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அந்த வருடம் 'இரு கோடுக'ளுக்குக் கிடைத்தது. பெண் அதிகாரி என்றால் கேலிப்பொருளாகவோ, கடைசியில் புருஷன் காலில் விழுந்து திருந்துகிறவளாகவோ காட்டிக்கொண்டிருந்த காலத்தில், பதவியின் கம்பீரமும் மனசின் வலியும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்று 1969-லேயே காட்டியவர் அவர்.

அதோடு நிற்கவில்லை. தனக்கு வேண்டிய வேடத்தை யாராவது எழுதிக் கொண்டுவரட்டும் என்று காத்திருக்காமல், 'காவியத் தலைவி'யை 1970-ல் அவரே தயாரித்தார். வங்காளத்தில் 'உத்தர் பால்குனி'யாகவும் இந்தியில் 'மம்தா'வாகவும் சுசித்ரா சென் நடித்த கதை. தாய், மகள் இரண்டு வேடம். மறுபடி பாலசந்தர் இயக்கம். 'ஒரு நாள் இரவு கண் உறக்கம் பிடிக்கவில்லை' பாட்டு இந்தப் படத்தில்தான். நாற்பதைத் தொடும் வயதில், சொந்தப் பணத்தைப் போட்டு, ஒரு பெண்ணின் கதையைப் பெண்ணின் பக்கமிருந்து சொல்லத் துணிந்தார். அடுத்த வருடமே 'ரங்கராட்டினம்' என்று இன்னொரு படமும் தயாரித்தார். இந்தத் துணிச்சலுக்கு உரிய பேச்சு நம்மிடம் நடக்கவே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

எம்.ஜி.ஆரின் நூறாவது படமான 'ஒளி விளக்கு' பற்றிச் சொல்லாமல் போனால் தமிழ்நாட்டு மக்கள் மன்னிக்க மாட்டார்கள். தீக்காயத்தோடு உயிருக்குப் போராடும் நாயகனுக்காக, அவன் அடைக்கலம் கொடுத்த விதவை இறைவனிடம் மன்றாடுகிற பாட்டு, 'ஆண்டவனே உன் பாதங்களை'. கதாநாயகி ஜெயலலிதா, ஆனால் இந்த மன்றாட்டு சௌகார் ஜானகிக்கு. 1984-ல் எம்.ஜி.ஆர். உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்தபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் இந்தப் பாட்டைத் தனியாகத் திரையிட்டார்கள். ஜனங்கள் எழுந்து நின்று அழுதார்கள். பதினாறு வருடத்துக்கு முன் ஒரு நடிகை திரையில் செய்த பிரார்த்தனையை ஒரு மாநிலமே தன் பிரார்த்தனையாக எடுத்துக்கொண்டது. எந்த விருதும் இதற்கு ஈடு கிடையாது.

1981-ல் 'தில்லு முல்லு' வந்தபோது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பணக்காரச் சீமாட்டி ஒருத்தி, வேலைக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பையனுக்கு ஏழைத் தாயாக நடித்துக் கொடுக்கிறாள். ஒரு நடிகை, வேறொருத்தி நடிப்பதை நடிக்க வேண்டும். அதைவிட வேடிக்கை, இருபது முப்பது வருடங்களாக அவரே உருகி உருகிச் செய்த தியாகத் தாயை இங்கே அவரே கேலிக்குக் கொண்டுவருகிறார். முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசன் எதிரே பக்தியோடு உருக, இவர் குரலில் அந்தப் பழைய தழுதழுப்பை ஒரு சிட்டிகை கூட்டிப் போடுகிறார். ரஜினி, தேங்காய் இருவரும் கொட்டமடிக்கிற படத்தில் அந்தக் காட்சிகளின் சிரிப்பு இவர் கையில்தான் இருக்கிறது. தன் பிம்பத்தைத் தானே கலைத்து விளையாட மனசு வேண்டும். அந்த மனசு உள்ளவர்களே நெடுநாள் நிற்கிறார்கள்.

அதன் பிறகு நம் சினிமா அவருக்குச் சரியாகச் சோறு போடவில்லை என்றே சொல்வேன். பாட்டி வேடம் என்றால் ஊஞ்சலில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்வது, கடைசி ரீலில் படுக்கையில் கிடப்பது. அறுபது வயது நாயகனுக்கு ஆயிரம் கதை எழுதுகிறவர்களுக்கு அறுபது வயதுப் பெண்ணுக்கு ஒரு கதை வாய்ப்பதில்லை. அப்படியும் கூப்பிட்டபோது அவர் வந்தார். 2019-ல் 'தம்பி'யில் பாட்டி. 2020-ல் சந்தானம் நடித்த 'பிஸ்கோத்'. அது அவருடைய நானூறாவது படம் என்று அறிவித்தார்கள். 2023-ல் நந்தினி ரெட்டி இயக்கிய 'அன்னி மஞ்சி சகுனமுலே'. பத்மஸ்ரீ வந்தது 2022-ல், தொண்ணூறு வயதில். எழுபதுகளிலேயே கொடுத்திருக்க வேண்டிய மரியாதை. தாமதமாக வந்தாலும் அவர் கையாலேயே வாங்கிக்கொள்ள முடிந்ததே என்று மனசு நிறைந்தது.

இளையவர்கள் யாராவது எந்தப் படத்தில் தொடங்கலாம் என்று கேட்டால், நான் 'புதிய பறவை'யைச் சொல்வேன். பாட்டுகளுக்காகவாவது உட்கார்ந்து பார்த்துவிடுவார்கள். அடுத்து 'எதிர்நீச்சல்'. பாட்டு மேடைச் சித்ராவையும் பட்டு மாமியையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்தால்தான் இரண்டும் ஒரே ஆள் என்பதன் ஆச்சரியம் உறைக்கும். அப்புறம் ஒரு நிதானமான ஞாயிற்றுக்கிழமையில் 'இரு கோடுகள்'. கறுப்பு வெள்ளை, நீளம் கொஞ்சம் அதிகம், நாடக வாடை உண்டு. பொறுத்துக்கொண்டு பாருங்கள். 'பாலும் பழமும்' பார்ப்பதாக இருந்தால் கூடவே வீட்டில் வயதான பெண்கள் யாரையாவது உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நளினியைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள், நிறையச் சொல்வார்கள்.